ஊர் வாயும் உலைமூடியும்

'ஊர் வாயை மூட உலைமூடி ஏது?' என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. வம்புப் பேச்சால் மனம் நொந்தவர்களுக்கு ஆறுதலாகச் சொன்ன மொழி அது. ஆனால் இதே வாக்கியத்தை ஒரு வியாபாரியின் காதில் போட்டுப் பாருங்கள். அவர் மனம் நொந்து உட்கார மாட்டார். 'மூட முடியாத வாய் ஒன்று ஊரில் இருக்கிறதா? அப்படியானால் அது என் சரக்கைப் பற்றிப் பேசட்டுமே!' என்றுதான் அவருக்குத் தோன்றும்.

தயிர் விற்கிறவள் தன் தயிர் புளிக்கும் என்று சொல்வதில்லை. ஆகவே அவள் 'தேன் மாதிரி இருக்கும்' என்று கூவினாலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அதே தயிரை நேற்று வாங்கிய எதிர்வீட்டு மாமி, யாரும் கேட்காமலே, 'கெட்டித் தயிர், கத்தியால் வெட்டலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மறுநாள் பானை காலி. மாமிக்கு அதில் காலணா லாபம் கிடையாது. லாபம் கிடையாது என்பதனால்தான் அவள் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. விளம்பரக் கலையின் சரித்திரத்தில் பாதி, இந்த மாமியின் சொல்லை எப்படியாவது பெற்றுவிட வேண்டும் என்று வியாபாரிகள் செய்த முயற்சியின் சரித்திரமே ஆகும்.

இன்று பெரிய கம்பெனிகள் சாதாரண ஜனங்கள் கைப்பேசியில் எடுத்த வீடியோக்களைத் தேடி அலைகின்றன. காட்டுத்தீ போலப் பரவும் படம் ஒன்றில் தங்கள் புட்டியும் பொட்டலமும் தலைகாட்டாதா என்று ஏங்குகின்றன. இதைப் பார்த்தால் நேற்று முளைத்த புதுமை போலத் தோன்றும். உண்மையில் இதன் வேர் 140 ஆண்டுகளுக்கு முந்திய லண்டன் மாநகரில் இருக்கிறது.

அந்நாளில் பியர்ஸ் சோப்புக் கம்பெனியை நடத்தி வந்தவர் தாமஸ் பாரட் என்ற சமர்த்தர். தம் சோப்பைத் தாமே புகழ்வதில் பயனில்லை என்று அவர் கண்டுகொண்டார். லில்லி லாங்ட்ரி என்ற பிரபல நடிகையிடமிருந்து ஒரு நற்சாட்சி வாங்கி அச்சிட்டார். மற்ற வியாபாரிகளும் அதே வழியில் இறங்கினார்கள். நடிகைகளும் வைத்தியர்களும் சகலவிதமான சரக்குகளுக்கும் சாட்சிக் கடிதம் எழுதித் தள்ளினார்கள். பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அலுத்துப் போயிற்று.

1884-ஆம் ஆண்டில் 'பஞ்ச்' என்னும் நகைச்சுவைப் பத்திரிகையில் ஹாரி ஃபர்னிஸ் என்ற ஓவியர் ஒரு கேலிச் சித்திரம் போட்டார். அழுக்கே உருவான ஒரு நாடோடி, பரட்டைத் தலையும் கந்தல் சட்டையுமாக உட்கார்ந்து, சோப்புக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் சோப்பைத் தேய்த்தேன். அதற்குப் பிறகு வேறு எந்தச் சோப்பையும் தொடவில்லை என்பது கடிதத்தின் சாரம். வேறொருவராயிருந்தால் மான நஷ்ட வழக்குப் போடுவார். பியர்ஸ் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அந்தச் சித்திரத்தை அனுமதியுடன் வாங்கி, அப்படியே தன் விளம்பரமாகப் போட்டுவிட்டது! ஊர் சிரித்தது, சோப்பின் பெயர் ஊர் வாயில் ஏறியது. வெளியார் ஒருவர் தானாகச் செய்தது கேலியாகவே இருந்தாலும் அதிலும் காசு உண்டு என்பது வியாபார உலகம் அன்று கற்ற முதல் பாடம்.

அடுத்த பாடத்தை அமெரிக்கர்கள் கற்றார்கள். மினசோட்டா மாநிலத்தில் ஓடெல் என்ற குடும்பத்தார் 'பர்மா ஷேவ்' என்று ஒரு சவரப் பசை தயாரித்தார்கள். 1925-இல் அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகச் சிறு பலகைகளை நட்டார்கள். ஒவ்வொரு பலகையிலும் இரண்டு மூன்று வார்த்தைகள்தான் இருக்கும். மோட்டாரில் போகிறவர்கள் பலகை பலகையாகப் படித்துக்கொண்டே போனால் கடைசிப் பலகையில் ஒரு வேடிக்கைப் பாட்டு முடியும். எழுதி எழுதி ஓடெல் குடும்பத்தாரின் கற்பனை வற்றிய போது, ஜனங்களிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். தேர்ந்தெடுக்கும் பாட்டு ஒவ்வொன்றுக்கும் 100 டாலர் என்று அறிவித்தார்கள். பாட்டுகள் வந்து குவிந்தன! எத்தனையோ பேர் மாலை வேளைகளில் சம்பளமில்லாமல் அந்தப் பசையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள். நாடெங்கும் சுமார் 7,000 வரிசைகள் வரை நின்ற அந்தப் பலகைகள், கம்பெனி கைமாறிய 1963-இல் அகற்றப்பட்டன. கார்களின் வேகம் கூடிவிட்டதால், நின்று நிதானித்துப் படிக்க யாருக்கும் பொழுதில்லாமல் போயிருந்தது.

1949-இல் பில்ஸ்பரி என்ற மாவு வியாபாரிகள் நியூயார்க் நகரின் ஆடம்பர ஹோட்டல் ஒன்றில் 100 பேரைக் கூட்டிச் சமையல் போட்டி நடத்தினார்கள். பெரும்பாலோர் குடும்பப் பெண்கள். முதற்பரிசு 50,000 டாலர். எல்லாப் பலகாரத்திலும் பில்ஸ்பரி மாவு இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஜனாதிபதியாயிருந்த ரூஸ்வெல்ட்டின் மனைவியே வந்து வேடிக்கை பார்த்தார். பிறகு அந்தப் பெண்களின் கைப்பக்குவமெல்லாம் சிறு புத்தகமாக அச்சேறிக் கம்பெனியின் பெயரில் விற்பனையாயிற்று.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1952-ஆம் வருஷம் இலங்கை வானொலியில் பற்பசை விற்கும் கம்பெனி ஒன்றின் ஆதரவில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. அமீன் சயானி என்பவரின் குரலைக் கேட்க வாரந்தோறும் வட இந்தியா முழுவதும் ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. எந்தப் பாட்டு எத்தனாவது படியில் ஏறும் என்று ஊர் ஊராக நேயர் மன்றங்கள் விவாதித்தன. கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போயின. பாட்டு சினிமாக்காரர்களுடையது, ரசனை ஜனங்களுடையது, பெயர் மட்டும் பற்பசையினுடையது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சத்தை வாசகர்கள் கவனித்திருக்கலாம். பேசுகிறவர்கள் ஜனங்கள், ஆனால் வாசற்கதவின் சாவி முதலாளியின் இடுப்பில். எந்தப் பாட்டைப் பலகையில் எழுதுவது, எந்தப் பலகாரத்தைப் புத்தகத்தில் சேர்ப்பது என்பதெல்லாம் அவருடைய விருப்பம். வசைபாடிய கடிதம் குப்பைக் கூடைக்குப் போயிற்று. வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஊர் வாய்க்கு உலைமூடி செய்துவிட்டோம் என்றே அவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கை உடைந்த கதைதான் இனி வருவது.

1996-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி, பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா என்ற இளைஞரும் ஜாக் ஸ்மித் என்ற நண்பரும் கலிபோர்னியாவில் 'ஹாட்மெயில்' என்னும் இலவச மின்னஞ்சலைத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பணம் போட்டவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: யார் யாருக்குக் கடிதம் எழுதினாலும், உங்களுக்கும் இலவசமாக இது கிடைக்கும் என்ற ஒரு வரி கடிதத்தின் அடியில் தானாகவே சேர்ந்து போகட்டும். மகன் தாய்க்கு எழுதும் கடிதமும் விளம்பரத் தாளாயிற்று! ஒன்றரை ஆண்டில் 1 கோடியே 20 லட்சம் பேர் சேர்ந்தார்கள். இது தொற்றுநோய்க் கிருமி பரவுவது போல் இருக்கிறதே என்று பார்த்து, அதற்குக் கிருமியின் பெயரையே வைத்தார்கள். 'வைரல்' என்று நாம் இன்று பெருமையாகச் சொல்லும் சொல் வியாபாரத்துக்குள் நுழைந்து பரவியது அப்போதுதான். பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகவே வைத்தார்கள். கிருமி, தன்னை விட்டவரையும் ஒரு நாள் பிடிக்கும் அல்லவா?

2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி யூடியூபில் முதல் வீடியோ ஏறியது. அதை ஏற்றியவர் அதன் ஸ்தாபகர் மூவரில் ஒருவர். மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று அவர் சில வார்த்தை பேசுகிறார்; மொத்தம் 19 விநாடி. அடுத்த ஆண்டே அந்த யூடியூபை 165 கோடி டாலருக்குக் கூகுள் வாங்கிற்று. கூகுளுக்குத் தெரிந்துவிட்டது: இனிமேல் வாசற்கதவு இல்லை, சாவியும் இல்லை.

2006-ஆம் வருஷத்தை இந்தச் சரித்திரத்தின் திருப்புமுனை என்று சொன்னால் மிகையாகாது. அந்த ஆண்டில் மூன்று நாடகங்கள் நடந்தன.

முதல் நாடகம் மோட்டார்காரர்களுடையது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 'டாஹோ' என்ற பெரிய வண்டிக்காக இணையத்தில் ஒரு போட்டி வைத்தது. படத்துண்டுகளை நாங்கள் தருகிறோம், வாசகத்தை நீங்கள் எழுதி விளம்பரமாக்குங்கள் என்பது அழைப்பு. ஜனங்கள் எழுதினார்கள். பலர் புகழ்ந்தார்கள், வேறு சிலரோ, பனிமலையின் மேல் வண்டி ஏறும் அழகான காட்சியை எடுத்துக்கொண்டு, இந்த வண்டி குடிக்கும் பெட்ரோலால் பூமி சூடேறுகிறது என்று எழுதிவிட்டார்கள். கம்பெனியின் படம், கம்பெனியின் செலவு, கம்பெனிக்கே வசை! கம்பெனி அவற்றை அழிக்காமல் விட்டுவைத்தது. அதைப் பெருந்தன்மை என்று சொல்லலாம். அழித்தால் இன்னும் வேகமாகப் பரவும் என்ற விவேகம் என்றும் சொல்லலாம்.

இரண்டாம் நாடகம் வேடிக்கையானது. மெய்ன் மாநிலத்தில் ஒரு வக்கீலும் ஒரு பந்து வித்தைக்காரரும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, 101 'டயட் கோக்' புட்டிகளை வரிசையாக வைத்து, 500-க்கு மேற்பட்ட 'மென்டாஸ்' மிட்டாய்களை அவற்றில் போட்டார்கள். மிட்டாயின் சொரசொரப்பான மேற்பரப்பில் வாயு ஒரே கணத்தில் குமிழிகளாகத் திரள, கோக் பீறிட்டு ஆளுயரத்துக்கு மேல் எழும்பியது. பாட்டுக்கு இசைய நீரூற்று நடனமாடியது போன்ற அந்த வீடியோ ஜூன் மாதத்தில் வெளியாகி உலகையே சுற்றியது. மிட்டாய்க் கம்பெனி துள்ளிக் குதித்தது. அமெரிக்காவில் அதன் வருஷ விளம்பரச் செலவே 2 கோடி டாலருக்குக் குறைவு. இந்த ஒரு கூத்தால் 1 கோடி டாலருக்கு மேல் பெறுமானமுள்ள விளம்பரம் கிடைத்ததாக அது கணக்குப் போட்டது. கோக் கம்பெனியோ முதலில் முகம் சுளித்தது; குடிக்கிற பானத்தை வைத்துக்கொண்டு இதென்ன பரிசோதனை என்ற தோரணையில் பேசிற்று. சில மாதத்துக்குள் சுளித்த முகம் மலர்ந்தது. அந்த இரண்டு பேரையும் அழைத்து அடுத்த படத்துக்கு ஆதரவு கொடுத்தது.

மூன்றாம் நாடகம்தான் வருந்தத்தக்கது. ஒரு தம்பதி வண்டியில் அமெரிக்காவைச் சுற்றி வருகிறார்கள். வால்மார்ட் கடைகளின் வாசலில் இரவு தங்குகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எவ்வளவு சந்தோஷமாயிருக்கிறார்கள் என்று இணையத்தில் நாட்குறிப்பு எழுதுகிறார்கள். படித்தவர்கள் நெகிழ்ந்தார்கள். அக்டோபர் மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. பயணத்துக்குப் பணம் கொடுத்தது வால்மார்ட்டின் ஆதரவு அமைப்பு; ஏற்பாடு செய்தது அந்தக் கம்பெனியின் விளம்பரப் பிரதிநிதிகள். பிரதிநிதிக் கம்பெனியின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எதிர்வீட்டு மாமியின் புடவையைக் கட்டிக்கொண்டு தயிர்க்காரியே வந்து நின்றாள் என்று தெரிந்தால், அந்தத் தெருவில் அப்புறம் எந்த மாமியின் பேச்சு எடுபடும்?

அதன் பிறகு கம்பெனிகள் நேர்வழியில் பரிசுப் போட்டிக்குத் திரும்பின. 'டோரிடோஸ்' என்ற நொறுக்குத்தீனிக்காரர்கள், அமெரிக்காவின் மாபெரும் கால்பந்துப் பந்தயமான சூப்பர் பௌலுக்கு வேண்டிய விளம்பரத்தை ஜனங்களே எடுத்து அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். 2007-இல் இரு இளைஞர்கள் எடுத்த படம் பந்தயத்தின் நடுவே ஒளிபரப்பாயிற்று. அதை எடுக்க அவர்களுக்கு ஆன செலவு 12 டாலர் 79 சென்ட். பெரும்பாலும் நொறுக்குத்தீனிப் பொட்டலம் வாங்கிய காசு. அந்த அரை நிமிஷ இடத்தின் விலையோ 20 லட்சம் டாலருக்கு மேல்! இறுதிச் சுற்றுக்கு வந்த ஐவருக்கும் ஆளுக்கு 10,000 டாலர் கிடைத்தது. 2009-இல் வேலையில்லாத இரு சகோதரர்கள் எடுத்த படம் அவ்வாண்டு விளம்பரங்களிலேயே முதலிடம் பெற்று, 10 லட்சம் டாலர் பரிசைத் தட்டிக்கொண்டு போயிற்று. கதை கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் பரிசு பெறாத ஆயிரக்கணக்கான பேரும் இரவு கண்விழித்து அந்தத் தீனியின் புகழைத்தானே பாடினார்கள்? நண்பர்களையும் உறவினர்களையும் கூப்பிட்டு 'எனக்கு ஓட்டுப் போடு' என்று அந்தப் பெயரைத்தானே பரப்பினார்கள்? அவர்களுடைய கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. லாட்டரிச் சீட்டில் ஜெயித்தவனின் படத்தைத்தான் பத்திரிகையில் போடுவார்கள்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, வாய்க்கு மூடி இல்லை என்பதை நிரூபிக்க ஒரு பாட்டுக்காரர் வந்தார். கனடா நாட்டு டேவ் கரோல் 2008 மார்ச்சில் யுனைடெட் விமானத்தில் பயணம் செய்தார். சிகாகோவில் சாமான் ஏற்றுகிறவர்கள் கித்தார்களைத் தூக்கி எறிவதைச் சக பயணி ஒருவர் கண்டு கூவினார். 3,500 டாலர் விலையுள்ள கரோலின் கித்தார் உடைந்தது. பழுது பார்க்க 1,200 டாலர் ஆயிற்று. ஒன்பது மாதம் அலைந்தார். 24 மணி நேரத்துக்குள் முறையிடவில்லை என்பது கடைசியாக வந்த பதில். சரி, இதைப் பற்றி மூன்று பாட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 2009 ஜூலையில் முதல் பாட்டு யூடியூபில் ஏறியது. ஒரே நாளில் ஒன்றரை லட்சம் பேர் பார்த்தார்கள். அதுவரை அசையாத கம்பெனி பணம் கொடுக்க ஓடி வந்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை, அவர் யோசனைப்படி 3,000 டாலர் ஒரு சங்கீதப் பள்ளிக்குப் போயிற்று. தங்கள் ஊழியர்களுக்குப் பாடம் சொல்ல அந்த வீடியோவையே பயன்படுத்திக்கொள்ளலாமா என்றும் கம்பெனி கேட்டது. பியர்ஸ் சோப்புக்கு வந்த கேலியைப் போன்றதல்ல இது. அது கற்பனை நாடோடி. இது உடைந்த கித்தார். கேலியை விலைக்கு வாங்கலாம். நியாயத்தை விலைக்கு வாங்க முடியாது.

நம் சென்னையும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. '3' என்ற படத்துக்காக அனிருத் இசையமைத்துத் தனுஷ் பாடிய 'கொலவெறி' பாட்டின் அரைகுறை வடிவம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. உரியவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2011 நவம்பர் 16 அன்று, பாட்டு ஒலிப்பதிவாகும் காட்சியையே வீடியோவாக வெளியிட்டார்கள். தமிழ் தெரியாதவர்களும் அதைப் பாடினார்கள். ஆளுக்கொரு வார்த்தையை மாற்றித் தாங்களே வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய இலவச விளம்பரம் வேண்டுமா? அடுத்த ஆண்டு மார்ச்சில் படம் வந்தது. பாட்டு ஓடிய ஓட்டம் படம் ஓடவில்லை. ஊர் பேசுவது வேறு. ஊர் வாங்குவது வேறு என்பது இதன் படிப்பினை.

நல்லதாக முடிந்த கதையும் உண்டு. 2020 செப்டம்பரில் ஐடஹோ மாநிலத்துத் தொழிலாளி ஒருவர், வழியில் வண்டி பழுதாகிவிடவே, சக்கரப் பலகையில் ஏறிச் சாலையில் சறுக்கியபடி, கையிலிருந்த பழரசப் புட்டியைக் குடித்துக்கொண்டு, பழைய பாட்டு ஒன்றுக்கு வாயசைத்தார். நோயும் பூட்டிய கதவுமாக உலகம் சோர்ந்திருந்த சமயம் அது. கவலையில்லாத அந்த முகத்தைக் கோடிக்கணக்கானவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் பாட்டு மறுபடியும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. பழரசம் தயாரிக்கும் ஓஷன் ஸ்ப்ரே, விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனம். அது அவருக்கு ஒரு புது வண்டியை வாங்கி, அது நிறையப் பழரசப் புட்டிகளை அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது. அதைப் பற்றி யோசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அந்த நிறுவனம் எதையும் திட்டமிடவில்லை; வந்த அதிர்ஷ்டத்துக்கு நன்றி சொல்லத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்க வியாபாரத்துக்குப் பொறுமை ஏது? ஆகவே இப்போது மாமிக்கே மாதச் சம்பளம் பேசிவிட்டார்கள். சமையலறையில் நின்று பாத்திரத்தைக் காட்டுகிறவர், முகத்தில் களிம்பு பூசிக் காட்டுகிறவர், குழந்தைக்குப் பால் கரைத்துக் காட்டுகிறவர் எல்லோரும் பார்ப்பதற்கு நம் எதிர்வீட்டுக்காரர் போலவே இருக்கிறார்கள். பேச்சும் அப்படியே. பின்னால் பணப்பை இருப்பது மட்டும் படத்தில் விழுவதில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் வாணிபக் கமிஷன் 2009-இல், இப்படிப் பேசுகிறவர்கள் கைம்மாறு பெற்றிருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தன் வழிகாட்டியைத் திருத்திற்று. 2024-இல் பொய்யான வாடிக்கையாளர் கருத்துக்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து விதி செய்தது. நம் நாட்டில் விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட தரக் கவுன்சில் 2021-இலும், மத்திய அரசாங்கம் 2023 ஜனவரியிலும் இதே கருத்தை வலியுறுத்தி விதிமுறைகளை வெளியிட்டன. பணம் வாங்கிக்கொண்டு பேசுவது குற்றமல்ல. வாங்கியதை மறைத்துப் பேசுவதுதான் குற்றம் என்பது இவற்றின் சாரம். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி சொல்ல வந்தவனிடம், 'நீ யாருக்கு உறவு?' என்று முதலில் கேட்பார்களே, அதே கேள்விதான்.

சட்டம் இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்தாம். ஒரு தெருவில் ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவது என்பது பெரிய சொத்து. நல்ல வைத்தியர் யார், கலப்படமில்லாத எண்ணெய் எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் நம் குடும்பங்கள் அந்தச் சொத்திலிருந்துதான் எடுத்துச் செலவழித்து வந்திருக்கின்றன. அது கிணற்று நீரைப் போன்றது. எல்லோருக்கும் பொது, யாருக்கும் விலையில்லை. அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினால் கிணறு வற்றும். வற்றிய பிறகு நஷ்டம் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல. உண்மையாகவே நல்ல சரக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கும் பரிந்து பேச ஆள் இருக்காது.

1884-இல் 'பஞ்ச்' சித்திரத்தில் உட்கார்ந்திருந்த அந்த அழுக்கு நாடோடி இன்று உயிர் பெற்று எழுந்து, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சோப்பின் பெருமையைப் பேசத் தொடங்கினால் நாம் என்ன செய்வோம்? முதலில் சிரிப்போம், பிறகு நாலு பேருக்கு அனுப்புவோம். அனுப்புவதற்கு முன்னால் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் நல்லது: 'அப்பனே, அந்தச் சோப்பை நீ காசு கொடுத்து வாங்கினாயா?'